வீங்கிய முகமும் வீண் பழியும்

தம்பி!

வாந்தியும் வயிற்றுவலியுமாகப் படுத்த பிள்ளை, சில நாளில் இமை தடித்து, முகம் உப்பி, கால் வீங்கிக் கிடக்கிறது. "கண்ணேறு" என்கிறாள் அடுத்த வீட்டுக் கிழவி. "இவள் பிள்ளை வளர்த்த இலட்சணம் இது!" என்று மருமகளை இடிக்கிறாள் மாமியார். பழி சொல்லப் பத்துப் பேர். பரிசோதிக்க ஒருவர் உண்டா?

மருத்துவரிடம் போனால் முதலில் சிறுநீரைச் சோதிப்பார். சிறுநீர் வழியே புரதம் ஒழுகினால் உடல் வீங்கும். கல்லீரல் கெட்டாலும் வீங்கும். புரத உணவே காணாத ஏழைப் பிள்ளைக்கும் வீங்கும். இவை ஒன்றுமே இல்லையென்றால், திருடன் எங்கே? இரைப்பையிலே இருக்கலாம், தம்பி, இரைப்பையிலே!

இரைப்பையின் உட்சுவர் தடித்து, மடிப்பு மடிப்பாகப் புடைத்து நிற்கும் அரிய நோய் ஒன்றை 1888-இல் விவரித்தார், பாரிஸ் மருத்துவர் மெனெட்ரியே. அவர் பெயரே நோயின் பெயராயிற்று. தடித்த அந்தச் சுவர் வழியே இரத்தத்தின் புரதம் கசிந்து வெளியேறுகிறது. அல்புமின் என்னும் அந்தப் புரதம்தான், இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைக்கும் காவலாள். காவலாள் குறைந்தால், கரையுடைந்த ஏரிபோல நீர் வெளியே பரவுகிறது. அதுதான் வீக்கம்!

பெரியவர்க்கு வந்தால் இந்நோய் ஆண்டுக்கணக்கில் வாட்டும்; இரைப்பையையே அகற்ற நேர்ந்ததும் உண்டு. குழந்தைகளுக்கோ, பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடுகிறது. ஏன்? குழந்தைகள் பலரிடம் இந்நோயோடு சேர்ந்து காணப்படுவது சைட்டோமெகலோ வைரஸ் என்னும் கிருமி. எச்சிலாலும் சிறுநீராலும் பரவுவது. பெரும்பாலோர் உடலில் அரவமின்றிப் புகுந்து, அப்படியே தங்கிவிடுவது. எப்போதோ ஒரு குழந்தையின் இரைப்பையில் கலகம் செய்கிறது. உடல் அதை அடக்கியதும் சுவர் தணிகிறது, கசிவு நிற்கிறது, வீக்கம் வடிகிறது.

"தானே தணியுமென்றால் மருத்துவமனை எதற்கு?" என்பாய். சிறுநீரகமா, கல்லீரலா, இரைப்பையா என்று வீங்கிய முகத்தைப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது, தம்பி! இரத்தத்தில் அல்புமினை அளக்க வேண்டும். தேவையானால் வாய்வழிக் குழாய் செலுத்தி இரைப்பையைப் பார்த்து, சிறு துணுக்கெடுத்துச் சோதிக்க வேண்டும். அதன்பின் புரதம் மிகுந்த உணவு. மிகவும் குறைந்தவர்க்கு நரம்பு வழியே அல்புமின். நோய் கடுமையானால் வைரஸை ஒடுக்கும் மருந்து. குழந்தைக்குப் பெரும்பாலும் கத்தியே வேண்டியதில்லை.

கிருமி செய்த குற்றத்துக்குப் பெற்றவளைக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்? தாயத்தைத் தேடாதே! தாயைத் தூற்றாதே! பிள்ளையைத் தூக்கு, மருத்துவமனைக்கு நட!