எழுத்து இடம் மாறினால்

கம்ப்யூட்டரில் ‘டி’, ‘இ’ என்று தெரிபவை டிஸ்க்கின் பெயர்கள் அல்ல. இது தெரியாமல் ஃபைல்களைப் பறிகொடுப்பவர்கள் ஏராளம். சித்தூர் வட்டாரத்தில் குழப்பம் இன்னும் ஒரு மடங்கு கூடுதல்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் முதலமடை என்றால் மாம்பழம். கேரளத்தின் எல்லையோர ஊர். தோட்ட வேலையிலும் வியாபாரத்திலும் தமிழ் சரளமாகப் புழங்கும். இங்கே ஒரு மண்டியை எடுத்துக்கொள்வோம். வரவு செலவு எல்லாம் டாலியில். கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று பொள்ளாச்சிக்கோ பாலக்காட்டுக்கோ எடுத்துப் போகிறார்கள். கடைக்காரர் புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி. பொருத்தி, அதில் விண்டோஸைப் போட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கை இரண்டாவதாக உள்ளே வைத்து அனுப்புகிறார். வேகம் பிரமாதம். ஆனால் டாலியைத் திறந்தால் கம்பெனிகளின் பட்டியல் காலி. மூன்று வருடக் கணக்கைக் காணோம்.

கணக்கு எங்கும் போகவில்லை. பழைய டிஸ்க்கில் ‘சி’ என்று இருந்த பகுதி இப்போது ‘டி’ ஆகிவிட்டது. ‘டி’யாக இருந்தது ‘இ’ ஆகிவிட்டது. ‘சி’ என்ற இருக்கையில் புதிய எஸ்.எஸ்.டி. உட்கார்ந்திருக்கிறது. டாலியோ, முன்பு எழுதி வைத்த விலாசத்தை நம்பி ‘டி’யின் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே வேறு ஆள் குடியிருக்கிறார்.

இதுவரை எதுவும் கெடவில்லை. கெடுவதெல்லாம் அடுத்த அரை மணி நேரத்தில்தான். பதறிப்போன யாரோ ஒருவர், போன தீபாவளிக்கு எடுத்த பேக்கப்பைத் தேடிப் பிடித்து ஏற்றுவார். அல்லது “பழைய விண்டோஸ் இருக்கும் பகுதி எதற்கு, ஃபார்மட் செய்துவிடலாம்” என்று நினைவில் இருக்கும் எழுத்தை வைத்து எதையோ அழிப்பார். டிரைவ் எழுத்தால் வரும் நஷ்டங்களில் பெரும்பாலானவை இயந்திரம் செய்தவை அல்ல. எழுத்தை நம்பி மனிதர் செய்தவை.

இந்த எழுத்து உண்மையில் என்ன? சித்தூரில் பதிவான வண்டிக்கு கே.எல். 70 என்ற எண். அதே வண்டி கைமாறிப் பொள்ளாச்சிக்குப் போய் அங்கே பதிவானால் டி.என். 41. நம்பர் பலகை மாறும். சேசிஸில் பொறித்த எண் மாறாது. டிரைவ் எழுத்து வெறும் நம்பர் பலகை. விண்டோஸ் ஒவ்வொரு பகுதிக்கும் நீளமான ஓர் அடையாள எண்ணும் வைத்திருக்கிறது. அதுதான் சேசிஸ் எண். யாரும் அதைப் பார்ப்பதில்லை. பலகையைப் பார்த்தே எல்லா வேலையும் நடக்கிறது.

ஏ, பி எங்கே?

முதல் ஹார்ட் டிஸ்க்குக்கு ஏன் ‘சி’ என்று பெயர் வந்தது? 1981-இல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது அதில் ஹார்ட் டிஸ்க் கிடையாது, ஃபிளாப்பிதான். இரண்டு ஃபிளாப்பிகளுக்கு ‘ஏ’, ‘பி’. ஒரே ஃபிளாப்பி உள்ள இயந்திரத்திலும் ‘பி’ உண்டு: அதே துளையில் வேறு ஃபிளாப்பியைப் போடச் சொல்லி டாஸ் கேட்கும். 1983-இல் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்குடன் ஐ.பி.எம். எக்ஸ்.டி. வந்தபோது காலியாக இருந்த அடுத்த எழுத்து ‘சி’. ஃபிளாப்பி மறைந்த பிறகும் அந்த இரண்டு இருக்கைகள் காலியாகவே கிடக்கின்றன. விண்டோஸ் தானாக அவற்றை ஹார்ட் டிஸ்க்குக்குத் தராது. நாமாகக் கேட்டால் தரும்.

எழுத்து வைக்கும் பழக்கம் மைக்ரோசாஃப்டின் கண்டுபிடிப்பும் அல்ல. 1970களில் கேரி கில்டால் எழுதிய சி.பி./எம். அமைப்பில் இருந்தது, அதற்கு முன்பே ஐ.பி.எம்.மின் பெரிய கம்ப்யூட்டர்களில் இருந்தது. ஒன்றோ இரண்டோ டிஸ்க் இருந்த காலத்தில் அது போதும். 26 எழுத்துக்கள் யாருக்கு வேண்டியிருந்தன?

பிறகு டிஸ்க் பெருத்தது. ஆனால் 1987-இல் வந்த டாஸ் 3.3, ஒரு பகுதி 32 மெகாபைட்டைத் தாண்ட விடாது. 40 மெகாபைட் டிஸ்க் வாங்கியவர் அதை இரண்டாக வெட்டியே ஆக வேண்டும். பின்னால் அந்த வரம்பு 2 ஜிகாபைட்டாக உயர்ந்தது. 1996-இல் ஃபேட் 32 வந்து அதையும் தளர்த்தியது. காரணம் போன பிறகும் பழக்கம் போகவில்லை. நம் ஊர் அசெம்பிள் கடைகளில் புது டிஸ்க்கைச் சி, டி, இ, எஃப் என்று கூறு போட்டுக் கொடுப்பது சம்பிரதாயமாகவே நின்றுவிட்டது. ‘டி’யில் ஆபீஸ் வேலை, ‘இ’யில் பாட்டு, ‘எஃப்’பில் சினிமா. இது முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். விண்டோஸ் கெட்டாலும் ‘டி’ தப்பும் என்பது உண்மை. ஆனால் டிஸ்க்கே போனால் நான்கு எழுத்தும் ஒன்றாகத்தான் போகும். ‘டி’யில் உள்ளதை ‘இ’யில் நகல் எடுத்துவிட்டு பேக்கப் ஆயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டாஸ் காலத்து விதி இன்னும் விசித்திரம். எல்லா டிஸ்க்குகளின் முதன்மைப் பகுதிகளுக்கும் முதலில் எழுத்து, உள்பகுதிகளுக்கு அப்புறம்தான். ஆகவே இரண்டாவது டிஸ்க்கை மாட்டியதும் அதன் முதன்மைப் பகுதி நடுவில் புகுந்து ‘டி’ ஆகும். பழைய ‘டி’ ‘இ’க்குத் தள்ளப்படும். அந்த நாளில் பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்தவர்களுக்கு இதன் வலி தெரியும். பக்கம் திறக்கும், படங்கள் இருக்காது. படம் இருக்கும் விலாசத்தை எழுத்தோடு சேர்த்துத்தான் அது குறித்து வைத்திருந்தது.

விண்டோஸ் 2000 முதல் நிலைமை மேல். எந்தப் பகுதிக்கு எந்த எழுத்து தந்தோம் என்பதை அது தன் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்துக்கொள்கிறது. புது டிஸ்க் வந்தால் பழையவர்களை எழுப்பாது. காலி இருக்கையைத் தரும். ஆனால் அந்தக் குறிப்பு அந்த ஒரு விண்டோஸுக்கு மட்டுமே சொந்தம். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டால் குறிப்பும் போயிற்று. நம் மண்டியில் நடந்தது அதுதான்.

எழுத்தே இல்லாத பள்ளிக்கூடம்

சித்தூரில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்த குருமடம் இங்கேதான், தெற்கே கிராமத்தில் இருக்கிறது. சோகநாசினி ஆற்றங்கரையில் 1947-இல் தொடங்கிய அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையும் உண்டு. எழுத்துக்குப் பேர்போன இந்த ஊரின் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களில் டிரைவ் எழுத்து கிடையாது.

காரணம், கேரள அரசின் கொள்கை. 2001-இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், சில ஆண்டுகளிலேயே விண்டோஸைக் கைவிட்டு லினக்ஸுக்கு மாறியது. அந்தத் திட்டம் 2017-இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமானது. பள்ளிகளுக்கென்றே உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ஒரு லினக்ஸையும் அது தயாரிக்கிறது. கம்ப்யூட்டர் பாடநூல் மலையாளம், ஆங்கிலம் மட்டுமன்றித் தமிழிலும் கன்னடத்திலும் வருகிறது. இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களிலும் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளிகளிலும் படிக்கும் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கம்ப்யூட்டர் பாடம். பாராட்ட வேண்டிய காரியம்.

லினக்ஸில் எல்லாம் ஒரே மரம். வேர் ஒன்று, எத்தனை டிஸ்க் மாட்டினாலும் அவை அந்த மரத்தில் ஒவ்வொரு கிளையாக ஒட்டிக்கொள்ளும். பென் டிரைவைச் செருகினால் அதற்கு நாம் வைத்த பெயர் திரையில் வரும். பெயர் வைக்காவிட்டால் இத்தனை ஜிகாபைட் என்று கொள்ளளவு வரும். ‘எஃப்’பா ‘ஜி’யா என்ற கேள்வியே இல்லை. உள்ளுக்குள் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்று எழுத்து வைப்பது உண்டுதான். அதுவும் இடம் மாறக்கூடியதுதான். அதனால்தான் லினக்ஸ் தன் முக்கிய டிஸ்க்குகளைச் சேசிஸ் எண்ணை வைத்தே தேடுகிறது.

மாலையில் வீட்டுக்கோ அண்ணன் வைத்திருக்கும் டி.டி.பி. கடைக்கோ வந்தால் விண்டோஸ். ‘ஜி’யைத் திற, ‘டி’யில் போடு. இரண்டு மொழி பேசுவது எல்லையோரப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல, இதையும் பழகிக்கொள்கிறார்கள். ஆபத்து வேறு இடத்தில். லினக்ஸுக்கே உரிய முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவை விண்டோஸில் செருகினால், விண்டோஸ் அதற்கு ஓர் எழுத்தைக் கொடுக்கும். ஆனால் உள்ளே இருப்பதைப் படிக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்லாமல் வேறொன்று சொல்லும்: ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?’ ஆமாம் என்று அழுத்தினால் பிள்ளையின் ஒரு வருட வேலை காலி. எழுத்து வந்துவிட்டதால் டிஸ்க் காலியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். இல்லை என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்து லினக்ஸிலேயே ஃபைல்களை வேறொரு பென் டிரைவுக்கு நகல் எடுப்பதுதான் வழி. இரண்டு பக்கமும் போய்வரும் பென் டிரைவ் ஃபேட் 32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருந்தால் இந்த வம்பே இல்லை.

எழுத்தைக் கட்டிப்போட

மாறும் எழுத்தை மாறாமல் நிறுத்த விண்டோஸிலேயே வழி இருக்கிறது. அதிகம் பேர் எட்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட். அங்கே டிஸ்க்குகள் வாடகை வீடுகள் மாதிரி வரிசையாகத் தெரியும். வேண்டிய பகுதியின் மேல் வலது கிளிக், ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’, அங்கே எழுத்தைத் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் இருக்கும் பகுதியின் எழுத்தை மாற்ற அது அனுமதிக்காது, நல்லதுதான். சாஃப்ட்வேர் நிறுவப்பட்டிருக்கும் பகுதியின் எழுத்தை நாமும் தொடாமல் இருப்பது நல்லது.

மண்டியின் கதைக்கு இங்கே ஐந்து நிமிடத்தில் முடிவு கிடைக்கும். இப்போது ‘டி’ என்று உட்கார்ந்திருக்கும் பழைய விண்டோஸ் பகுதிக்கு வேறு எழுத்து கொடுங்கள். காலியான ‘டி’யைக் கணக்கு இருக்கும் பகுதிக்குத் திருப்பிக் கொடுங்கள். டாலி திறக்கும். கம்பெனிகள் வரும். ஃபார்மட்டும் வேண்டாம், பேக்கப்பும் வேண்டாம்.

வெளியே எடுத்து மாட்டும் பேக்கப் டிஸ்க்குக்கு எழுத்து வரிசையின் கடைசிப் பக்கத்திலிருந்து ஒன்றைக் கொடுப்பது உத்தமம். ‘இ’, ‘எஃப்’ எல்லாம் பஸ் ஸ்டாண்டு பெஞ்ச். வருகிறவர் போகிறவர் எல்லாம் உட்காருவார். ‘சி’க்குப் பிறகு காலியாக இருப்பது எது என்று பார்த்துத்தான் விண்டோஸ் பென் டிரைவுக்கு எழுத்து தரும். ‘எக்ஸ்’ வரை அது வருவது அபூர்வம். எக்ஸ்.பி. காலத்து ஆபீஸ்களில் நெட்வொர்க் டிரைவ் ‘எஃப்’பில் இருக்க, பென் டிரைவும் அதே எழுத்தை வாங்கிக்கொண்டு கண்ணுக்கே தெரியாமல் ஒளிந்துகொள்ளும் கூத்தும் உண்டு.

தினமும் தானாக நகல் எடுக்கும்படி ஏற்பாடு செய்திருப்பவர்கள் மேலும் உஷாராக இருக்க வேண்டும். ரோபோகாப்பி என்ற கட்டளையை ‘மிரர்’ முறையில் ஓட்டினால், அது ஒரு டிஸ்க்கை மற்றதன் அச்சு நகலாக்கும். நகலில் கூடுதலாக எது இருந்தாலும் அழித்துவிடும். ‘எஃப்’புக்கு நகல் எடு என்று எழுதி வைத்திருக்கிறீர்கள், அன்றைக்கு ‘எஃப்’பில் இருப்பது அக்ஷயா மையத்துக்கு எடுத்துப் போய் வந்த வேறொரு பென் டிரைவ். அதில் இருந்த சான்றிதழ் நகல்கள், போட்டோக்கள் எல்லாம் ஓசையில்லாமல் போய்விடும். தடுப்பு எளிது. பேக்கப் டிஸ்க்கில் மட்டும் ஒரு வெற்று ஃபைலை அடையாளத்துக்குப் போட்டு வைத்து, அது கண்ணில் பட்டால்தான் நகல் எடுக்க வேண்டும் என்று கட்டளையின் முதல் வரியில் எழுதிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேல், பெயர் வையுங்கள். எழுத்து விண்டோஸ் கொடுப்பது. பெயர் நாம் கொடுப்பது. அது டிஸ்க்கிலேயே பதிந்து, எந்த கம்ப்யூட்டருக்குப் போனாலும் கூடவே போகும். லினக்ஸிலும் தெரியும். என்.டி.எஃப்.எஸ். முறையில் உள்ள பகுதிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், 32 குறிகள் வரை. கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியாக எண்ணப்படும் என்பதால் தமிழுக்குக் கொஞ்சம் சிக்கனம் தேவை. ஆனாலும் ‘மண்டிக் கணக்கு’ என்று எழுத இடம் தாராளம். ஃபேட் 32 பென் டிரைவ் தமிழை ஏற்காது. ஆங்கிலத்தில் 11 எழுத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

பெயர் என்றதும் மொழிபெயர்ப்புத் தொழிலில் ஒரு சங்கடம் நினைவுக்கு வருகிறது. டிரைவையும் இயக்கி என்கிறோம், டிரைவர் என்ற மென்பொருளையும் இயக்கி என்கிறோம். ‘இயக்கியை நீக்கவும்’ என்று ஒரு கையேட்டில் போட்டால் படிப்பவர் எதை நீக்குவார்? வம்பு வேண்டாம் என்றுதான் இந்தக் கட்டுரையில் டிரைவை டிரைவாகவே விட்டிருக்கிறேன்.

கடைசியாக, விண்டோஸ் எழும்பாமல் நின்றுபோனால் வரும் நீலத் திரைப் பழுதுபார்ப்பு வசதி. அது தனியாக ஓடும் ஒரு குட்டி விண்டோஸ். எழுத்துக்களைத் தன் கணக்கில் புதிதாகப் போட்டுக்கொள்ளும். நமக்கு ‘சி’ ஆக இருப்பது அங்கே ‘டி’ ஆக இருக்கலாம். அங்கே உட்கார்ந்து ‘டி’யை ஃபார்மட் செய்யக் கட்டளை அடிப்பதற்கு முன், டிஸ்க்பார்ட் கட்டளையில் ‘லிஸ்ட் வால்யூம்’ என்று கேட்டால் ஒவ்வொரு பகுதியின் எழுத்து, பெயர், அளவு மூன்றும் ஒரே பட்டியலில் வரும். பெயரையும் அளவையும் பார்த்து முடிவு செய்யுங்கள். எழுத்துப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தாலும் தப்பில்லை.