எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்றால் அம்மா

2000-ஐ ஒட்டிய வருடங்களில் கணினியில் தமிழ் தட்டியவர்களுக்கு இந்தத் தலைப்பு உடனே புரிந்திருக்கும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். பாமினி என்று ஒரு எழுத்துரு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு கீபோர்டில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று தட்டினால் திரையில் "அம்மா" வரும். எழுத்துருவை மாற்றினால் அம்மாவைக் காணோம்! நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும்.

காரணம் எளிது. கோப்புக்குள் தமிழே கிடையாது. உள்ளே இருப்பது சின்ன எம் எழுத்துக்கான 109 என்ற எண். அந்த எண்ணுக்கு எம் படத்தைக் காட்டாமல் 'அ' படத்தைக் காட்டச் சொன்னது எழுத்துரு. அதாவது ஆங்கிலத்துக்குத் தமிழ் வேஷம்.

எல்லோரும் ஒரே வேஷம் போட்டிருந்தாலாவது பரவாயில்லை. ஆளுக்கொரு எழுத்துரு, ஒவ்வொன்றிலும் 'அ' வேறு இடத்தில். இணையதளத்தைத் திறந்தால் "எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்" என்ற அறிவிப்புதான் முதலில் வரவேற்கும். டயல்-அப்பில் அது இறங்குவதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். நண்பருக்குத் தமிழில் மெயில் அனுப்பினால் கூடவே எழுத்துருவையும் இணைக்கணும். கடிதத்தோடு மூக்குக்கண்ணாடியையும் சேர்த்துத் தபாலில் போடுகிற மாதிரி.

இதைச் சரிசெய்யப் பலர் உழைத்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து உருவாக்கியது திஸ்கி. முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, அடுத்த 128-ல் தமிழை வைத்தது. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் ஆரம்ப காலத்தில் திஸ்கியில் மின்னூல்களை வெளியிட்டு, பிறகு யூனிகோடுக்கு மாறியது. 1999 சென்னை தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வந்தன. கடைசியில் நிலைத்தது யூனிகோடு. அதில் 'அ' என்றால் 2949. சென்னையிலும் சரி, டொராண்டோவிலும் சரி, எந்த எழுத்துருவானாலும் சரி, அதே 2949.

அப்போ பழைய கோப்பை எண்ணுக்கு எண் மாற்றிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை, இங்கேதான் வேடிக்கை ஆரம்பிக்கிறது.

'கொ' என்பதைப் பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் தட்டுவோம்: முதலில் கொம்பு, அப்புறம் க, கடைசியில் கால். யூனிகோடில் க முதலில், பிறகு 'ஒ'வுக்கான ஒரே குறி. ஆகவே மாற்றுகிற நிரல் மூன்று துண்டையும் பிரித்து, வரிசை மாற்றி, சேர்த்து ஒட்டணும். இதுகூட சமாளிக்கலாம்.

சமாளிக்க முடியாதது 'கௌ'. பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் வால் பகுதிக்கும் 'ள' எழுத்துக்கும் பெரும்பாலும் ஒரே இடம்தான். அதனால் கௌரி என்ற பெயர், மாற்றியதும் 'கெ', 'ள', 'ரி' என்று மூன்று எழுத்தாகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு முற்றிலும் வேறு.

என் உறவினர் ஒருவர் 2002 வாக்கில் குடும்ப வரலாறு எழுதி டிடிபி செய்து வைத்திருந்தார். அதை யூனிகோடுக்கு மாற்றி, எங்கள் கொள்ளுப்பாட்டி கௌரியைத் தேடினேன். ஒரு இடத்திலும் இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினால் பதினோரு இடத்தில் இருக்கிறார்! எழுதியவர் இப்போது இல்லை. அந்தக் கிளையின் பெயர்கள் வேறெங்கும் எழுதப்படவும் இல்லை. தேடலை மட்டும் நம்பியிருந்தால் ஒரு தலைமுறையே வம்சாவளியிலிருந்து விடுபட்டிருக்கும்.

இந்த மாதிரிக் கோப்புகள் நிறைய வீடுகளில் இருக்கும். தலபுராணம், ஆய்வேடு, தாத்தாவின் கவிதை, சங்க மலர். பேஜ்மேக்கருக்குத் தமிழ் யூனிகோடு தெரியாது என்பதால், யூனிகோடு வந்து வெகுகாலம் ஆன பிறகும் அச்சுக்குப் போன பலதும் பழைய எழுத்துருவில்தான் இருக்கிறது.

உங்களிடம் இருந்தால் மூன்று வேலை செய்யுங்கள். முதலில், கோப்போடு எழுத்துருவையும் சேர்த்து நகலெடுத்து, எழுத்துருவின் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கோப்பு இருந்து எழுத்துரு தொலைந்தால், பூட்டு இருந்து சாவி தொலைந்த கதைதான். இரண்டாவது, அதே எழுத்துருவோடு திறந்து பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். மாற்றியதைச் சரிபார்க்க அதுதான் மூலப்பிரதி. மூன்றாவது, என்.ஹெச்.எம். கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் மாதிரி ஒரு மாற்றியில் போட்டு எடுங்கள். எடுத்த பிறகு கௌரி, கௌசல்யா, மௌனம், சௌக்கியம் எல்லாவற்றையும் இரண்டு விதமாகவும் தேடிப் பார்த்துத் திருத்துங்கள்.

சௌக்கியமாக இருப்பவர்கள் கிடைப்பார்கள்.