டூவீலர் நிறுத்த எவ்வளவு இடம் வேண்டும்? எக்ஸெல்லைக் கேளுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் படம் பார்ப்பார்கள், பாட்டுக் கேட்பார்கள். இரண்டாம் மாதம் "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வந்துவிடும். எக்ஸெல் பற்றிப் பல புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலும் கம்பெனி சம்பளப் பட்டியலும் மாணவர் மார்க் பட்டியலும்தான் உதாரணமாக இருக்கும். நாம் இந்த மாதம் தெருவில் இறங்குவோம். நம் ஊர்களை எல்லாம் திணறடிக்கும் டூவீலர் பார்க்கிங் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அதை வைத்தே ஸ்ப்ரெட்ஷீட் பழகுவோம்.

எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் இலவசம். இங்கே சொல்லும் எல்லாவற்றையும் அதிலும் செய்யலாம்.

மதுரை சொல்லும் பாடம்

தமிழ்நாட்டில் பதிவான வாகனங்களில் 80 சதவீதத்திற்கும் மேல் டூவீலர்கள்தான். ஆனால் பார்க்கிங் என்றவுடன் நம் மனதில் வருவது கார். இது சரியா என்று பார்க்க இரண்டு உதாரணங்கள் போதும்.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மதுரை 2016இல் சேர்க்கப்பட்டது. மீனாட்சி அம்மன் கோயில் அருகே அடுக்கு மாடி வாகன நிறுத்தம் கட்டப்பட்டது. அதன் கொள்ளளவு 110 கார்கள், 1401 டூவீலர்கள். சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜாரை ஒட்டி, தணிகாசலம் சாலையில் இதே திட்டத்தில் எழுந்த கட்டடத்தின் கொள்ளளவு 222 கார்கள், 513 டூவீலர்கள்.

தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர் இடம் விட வேண்டும். டூவீலருக்கு 1 மீட்டருக்கு 1.8 மீட்டர், அதாவது 1.8 சதுர மீட்டர். இந்த அளவுகளைக் கொண்டு பெருக்கிப் பார்த்தால், தி.நகர் கட்டடத்தில் வண்டிகளின் எண்ணிக்கையில் 70 சதவீதம் டூவீலர்; ஆனால் அவற்றுக்கான இடம் 25 சதவீதம்தான். மதுரையில் டூவீலருக்கான இடம் 65 சதவீதம். மதுரையின் மொத்த இடத்தையும் காருக்கே கொடுத்திருந்தால் 311 கார்கள்தான் நின்றிருக்கும். இப்போது 1511 வண்டிகள் நிற்கலாம். (நடைவழி, சாய்தளம் ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.)

முதலில் அளவெடுங்கள்

உங்கள் தெருவில் ஒரு காலி மனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டேப்பைத் தேடும் முன் கூகுள் மேப்ஸைத் திறந்து சேட்டிலைட் காட்சிக்கு மாறுங்கள். மனையின் ஒரு மூலையில் மவுஸின் வலது பட்டனை அழுத்துங்கள். வரும் மெனுவில் "மெஷர் டிஸ்டன்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்து, அடுத்த மூலையில் கிளிக் செய்தால் தூரம் மீட்டரில் தெரியும். இது உத்தேச அளவுதான். மரம் மறைத்தால் தப்பாகிவிடும். முடிவெடுக்கும் முன் டேப் வைத்து ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

அடுத்து வண்டியின் அளவு. ஹீரோ ஸ்பிளெண்டர் 2 மீட்டர் நீளம், 72 சென்டிமீட்டர் அகலம். ஹோண்டா ஆக்டிவா 6ஜி சுமார் 1.83 மீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் அகலம். கவனித்தீர்களா? விதியில் சொன்ன 1.8 மீட்டரை விட இரண்டுமே நீளம். எனவே நாம் 2 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். அகலத்திற்கு 1 மீட்டர். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கவும், ஆள் இறங்கவும் இந்த இடைவெளி வேண்டும்.

ஷீட்டைத் தயார் செய்வோம்

ஸ்ப்ரெட்ஷீட்டில் நெட்டு வரிசைகளுக்கு ஏ, பி, சி என்று பெயர். படுக்கை வரிசைகளுக்கு 1, 2, 3. இரண்டும் சந்திக்கும் கட்டம்தான் செல். ஏ வரிசையில் பெயர்களையும் பி வரிசையில் எண்களையும் டைப் செய்யுங்கள். மனை 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 12 மீட்டர் பக்கம் சாலையைப் பார்த்திருக்கிறது என்று கொள்வோம்.

பி1: மனையின் நீளம் – 20
பி2: மனையின் அகலம் – 12
பி3: ஒரு வண்டிக்கு அகலம் – 1
பி4: ஒரு வண்டிக்கு நீளம் – 2
பி5: நடைவழி அகலம் – 2

ஒரு நடைவழியின் இருபுறமும் ஒவ்வொரு வரிசை நிற்கலாம். எனவே இரண்டு வண்டி நீளமும் ஒரு நடைவழியும் சேர்ந்தது ஒரு தொகுப்பு. எத்தனை வரிசை என்பதை பி6 செல்லில் கேட்போம்:

=இன்ட்(பி2/(2*பி4+பி5))*2

பி7 செல்லில் மொத்த வண்டிகள்:

=இன்ட்(பி1/பி3)*பி6

கீபோர்டில் இவற்றை ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும். "இன்ட்" என்பது ஐ, என், டி என்ற மூன்று எழுத்துகள். தசமப் புள்ளிக்குப் பின் வருவதை வெட்டிவிட்டு முழு எண்ணை மட்டும் தரும் கட்டளை இது. அரை வண்டியை நிறுத்த முடியாதல்லவா, அதற்காகத்தான்.

என்டர் தட்டினால் பி6இல் 4, பி7இல் 80 என்று வரும். இதே மனையில் கார் நிறுத்தினால்? 12 மீட்டர் அகலத்தில் ஒரு வரிசை காருக்கு 5 மீட்டர் போக மிச்சம் 7 மீட்டர். கார் திரும்பும் வழிக்கே அது சரியாகப் போய்விடும். ஆக 20 மீட்டர் நீளத்தில் 8 கார்கள்தான். 8 எங்கே, 80 எங்கே!

எண்களை மாற்றிப் பாருங்கள்

ஸ்ப்ரெட்ஷீட்டின் உண்மையான பலம் இங்கேதான். பி3இல் 1க்குப் பதில் 0.8 கொடுங்கள். விடை 100 ஆகிவிடும். சென்டர் ஸ்டாண்டில் நெருக்கி நிறுத்தி, எடுத்துக் கொடுக்க ஓர் ஆளும் இருந்தால் இது நடக்கும். ஆள் இல்லாவிட்டால் நடுவில் மாட்டிய வண்டியை எடுக்கவே முடியாது.

பி3ஐ மீண்டும் 1 ஆக்கிவிட்டு, பி5இல் நடைவழியை 1.5 ஆகக் குறையுங்கள். விடை மாறாது, அதே 80தான். வழியை நெருக்கி ஒரு வண்டிகூட லாபமில்லை. இப்போது பி5ஐ 2 ஆக்கி, பி2இல் 11.9 கொடுங்கள். விடை சட்டென்று 40 ஆகிவிடும்! சுவர் 10 சென்டிமீட்டர் உள்ளே வந்ததால் பாதி இடம் போய்விட்டதா? இல்லை. நடைவழியைக் கொஞ்சம் குறைத்தால் நான்கு வரிசையும் அடங்கிவிடும். ஆனால் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. நாம் சொன்னதை மட்டுமே செய்யும். விடை வினோதமாக இருந்தால் ஃபார்முலாவைச் சந்தேகப்படுங்கள்.

எத்தனை வண்டி வரும்?

இடம் எவ்வளவு என்பது பாதிக் கணக்கு. தேவை எவ்வளவு என்பது மீதி. அதற்கான ஃபார்முலா மிக எளிது: ஒரு மணி நேரத்தில் வரும் வண்டிகளை, ஒரு வண்டி சராசரியாக நிற்கும் மணிகளால் பெருக்குங்கள். கடைவீதியில் மணிக்கு 120 வண்டிகள் வந்து, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் நின்றால் 180 இடங்கள் தேவை. அரை மணி நேரமே நின்றால் 60 போதும்.

ஆகவே கடைக்கு எதிரில் காலை முதல் இரவு வரை நிற்கும் வண்டி யாருடையது என்று பாருங்கள். பல ஊர்களில் அது கடைக்காரருடையதாகவும் ஊழியருடையதாகவும்தான் இருக்கும். ஒரு வாடிக்கையாளர் அரை மணி நேரம் நிற்கும் இடத்தில், பன்னிரண்டு மணி நேரத்தில் 24 பேர் நிறுத்தலாம். நாள் முழுதும் நிற்கும் வண்டிகளைச் சற்றுத் தள்ளி உள்ள மனைக்கு அனுப்பினாலே பிரச்சினை பெருமளவு குறையும். கட்டடம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

எல்லா இடத்திற்கும் ஒரே கணக்கு பொருந்தாது. ஆடி அமாவாசைக்கு மகாராஜபுரம் வழியாகத் தாணிப்பாறை போய் சதுரகிரி ஏறுகிறவர் வண்டியை எடுக்கப் பல மணி நேரம் ஆகும். அங்கே ஓர் இடத்திற்கு ஒரு வண்டிதான். எத்தனை பேர் வருவார்களோ அத்தனை இடமும் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடும் நாளில் ரத வீதிகளில் ஒரு வண்டியும் நிற்க முடியாது. வீதியில் வழக்கமாக நிற்கும் வண்டிகளுக்கும் சேர்த்து வெளியே இடம் பார்க்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெரு முனையில் ஒரு மணி நேரம் நின்று வண்டிகளை எண்ணுங்கள். எண்களை ஷீட்டில் போடுங்கள். ஃபைலை சேவ் செய்து, ஒரு பிரின்ட் எடுத்து வியாபாரிகள் சங்கத்திலோ வார்டு கவுன்சிலரிடமோ கொடுங்கள். "பார்க்கிங் வசதி வேண்டும்" என்ற மனு எல்லோரும் கொடுப்பதுதான். "எங்கள் தெருவுக்கு 180 இடம் தேவை, இந்த மனையில் 80 கிடைக்கும்" என்ற மனுவை அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது. நடைபாதை நடப்பவருக்கே திரும்பக் கிடைக்கவும், ஆம்புலன்ஸ் தடையில்லாமல் போகவும் உங்கள் கம்ப்யூட்டர் உதவினால், அது கொடுத்த காசுக்கு உழைத்துவிட்டது என்றே சொல்லலாம்.