ஆயிரம் ரொட்டி கேட்கிறார் மம்மி!

'தி மம்மி' படத்தை டிவி-யில் எத்தனை தடவை பார்த்திருப்பீங்க? மணல் புயலா வாயைப் பிளந்துக்கிட்டு வந்து எல்லாரையும் மிரட்டுவாரே ஒரு மொட்டைத்தலை வில்லன்... இம்ஹோதெப்! எகிப்திய மொழியில் அந்தப் பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'சமாதானமாக வருகிறவர்'!

நிஜ இம்ஹோதெப் வில்லனே இல்லை. சுமார் 4,600 வருஷங்களுக்கு முன்னால் ஜோசர் என்ற மன்னரிடம் உயர் பதவியில் இருந்தவர். சக்காராவில் இருக்கும் படிக்கட்டு பிரமிடை டிசைன் செய்தவர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். ஸோ, சிவில் டிபார்ட்மென்ட் மக்களே... அவர் உங்க சீனியர்!

'ஹோதெப்' என்ற இந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டா போதும். ஹைரோகிளிஃப் என்கிற சித்திர எழுத்துக்குள்ளே தைரியமா நுழைஞ்சிடலாம். உலகம் முழுக்க ஸ்டாம்ப் சேர்ப்பது மாதிரி இதை ஹாபியாகவே கற்றுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 'செத்துப்போன மொழியைப் படிச்சு என்ன பாஸ் பிரயோஜனம்?' என்று கேட்பவர்களுக்கு, அந்தக் கல்வெட்டுகளே ஒரு பதில் வைத்திருக்கின்றன. அதுக்கு முன்னாடி ஒரு குட்டி கிளாஸ்!

படம்தான்... ஆனா படம் இல்லை!

ஆந்தை படம் போட்டிருந்தால் 'ஆந்தை' என்று அர்த்தம் கிடையாது. அது 'ம்' என்ற ஒலி. தண்ணீர் அலை என்றால் 'ன்'. வாய் என்றால் 'ர்'. இப்படி ஒற்றை ஒலிக்கு மட்டும் சுமார் 24 குறிகள். இரண்டு மெய், மூன்று மெய் சேர்ந்து ஒலிக்கும் குறிகள் தனி. பாய் மேல் ரொட்டி வைத்த மாதிரி ஒரு குறி உண்டு. அதுதான் 'ஹ்-த்-ப்', நம்ம ஹோதெப்!

என்ன, உயிரெழுத்தைக் காணோமா? அதை அவர்கள் எழுதவே மாட்டார்கள். 'க்ட்ல்' என்று எழுதினால் அது கடலா, கூடலா, கடலையா? குழப்பம் வருமில்லையா? அதற்குத்தான் வார்த்தையின் கடைசியில் ஒரு படம் வைப்பார்கள். அதற்கு உச்சரிப்பு கிடையாது, அர்த்தத்துக்கு க்ளூ மட்டும்தான். வீடு படமும் ஒரு கோடும் இருந்தால், வீடு. அதே வீட்டோடு வாயும் நடக்கிற இரண்டு கால்களும் சேர்ந்தால், 'வெளியே போவது'!

எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது? ரொம்ப சிம்பிள். மனிதர்களும் பறவைகளும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ, அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கணும்.

டாக்டரும் வாத்தியாரும்

தேதியோடு கிடைத்திருக்கும் கடைசி ஹைரோகிளிஃப் கல்வெட்டு, ஃபிலே தீவுக் கோயிலில் இருந்தது. கி.பி. 394, ஆகஸ்ட் 24. அதற்குப் பிறகு படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைய, கற்களும் ஊமையாகிவிட்டன.

1799-ல் பிரெஞ்சுப் படையினர் கண்ணில் பட்டது ரொசெட்டா கல். கி.மு. 196-ல் போட்ட ஓர் ஆணை, ஹைரோகிளிஃப், டெமோட்டிக், கிரேக்கம் என மூன்று எழுத்துகளில் அதில் இருந்தது. கிரேக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆன்ஸர் கீ கையில் இருந்தும் விடை கண்டுபிடிக்க 23 வருஷம் ஆனது!

இதோடு மோதியவர்களில் ஒருவர் இங்கிலாந்து டாக்டர் தாமஸ் யங். நம்மை முதல் வருஷத்திலேயே படுத்தி எடுத்த 'யங்ஸ் மாடுலஸ்' யங்கேதான்! ராஜாக்களின் பெயர்கள் நீள்வட்ட வளையத்துக்குள் இருப்பதை வைத்து, 'தாலமி' என்ற பெயரின் சில ஒலிகளைச் சரியாகப் பிடித்தார். ஆனால், வெளிநாட்டுப் பெயர்களை எழுத மட்டும்தான் ஒலி, மற்றதெல்லாம் வேற மாதிரி என்று நினைத்துவிட்டார்.

பூட்டைத் திறந்தவர் பிரான்ஸின் ஷாம்போலியன். கிரனோபிளில் டீன் ஏஜிலேயே சரித்திர வாத்தியார் ஆனவர். அவருடைய சீக்ரெட், காப்டிக் மொழி. பழைய எகிப்திய மொழியின் வாரிசு அது. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் இன்றும் வழிபாட்டில் அதைப் பயன்படுத்துகிறார்கள். 1822 செப்டம்பரில் ஒரு ராஜா பெயர் அவர் கைக்கு வந்தது. முதலில் ஒரு வட்டம். கடைசியில் இரண்டு 'ஸ்'. வட்டம் என்றால் சூரியன், காப்டிக்கில் 'ரே'. நடுவில் இருந்ததை 'ம்ஸ்' என்று வைத்துப் பார்த்தார். ரே... ம்ஸ்... ஸ்... ராம்சேஸ்!

கிரேக்கர்கள் ஆட்சிக்குப் பல நூறு வருஷம் முந்தைய அசல் எகிப்திய ராஜா! உள்ளூர்ப் பெயரையும் ஒலியால்தான் எழுதினார்கள் என்பது உறுதியானது. அண்ணனிடம் ஓடிப்போய் 'கண்டுபிடிச்சிட்டேன்!' என்று கத்தி, அப்படியே மயங்கி விழுந்தார் என்று ஒரு கதை உண்டு. அப்போது அவருக்கு வயது 31. செப்டம்பர் 27-ல் பாரிஸில் உலகத்துக்கு அறிவித்தார். 394-லிருந்து 1822 வரை 1,428 வருஷ மௌனம் கலைந்தது.

வழிப்போக்கரே, ஒரு நிமிஷம்!

இப்போ ஹோதெப்புக்குத் திரும்புவோம். கல்லறைக் கற்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாசகம், 'ஹெதெப் தி நெசு'. அதாவது, மன்னர் தரும் படையல். பின்னாலேயே ஒரு மெனு வரும். ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர், மாடு, பறவை, துணி... (ஆயிரத்துக்குக் குறி, ஒரு தாமரை இலை!) கடைசியில் இறந்தவரின் பெயர்.

பல கல்லறைகளில் இதோடு ஒரு வேண்டுகோளும் இருக்கும். 'இந்த வழியாகப் போகிறவர்களே, உயிரோடு இருப்பவர்களே... எனக்கு ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர் என்று வாயால் சொல்லுங்கள்' என்பதுதான் அதன் சாரம். சிலர், 'இதில் உங்களுக்கு ஒரு செலவும் இல்லை, வெறும் மூச்சுதான்' என்றுகூட கெஞ்சியிருக்கிறார்கள். சொன்னாலே சாப்பாடு போய்ச் சேரும், பெயரை உச்சரித்தாலே அவர் வாழ்வார் என்பது அவர்கள் நம்பிக்கை.

யோசிச்சுப் பாருங்க. 1,428 வருஷம் அந்தக் கற்களைத் தாண்டி எத்தனை பேர் நடந்திருப்பார்கள்? ஒருத்தராலும் அந்த ஒரு வரியைச் சொல்ல முடியவில்லை. அந்தக் கல் கேட்பது ஆராய்ச்சியாளரை இல்லை. படிக்கத் தெரிந்த ஒரு வழிப்போக்கரை. ஹாபிக்காகப் படிப்பவர் அந்த வேலையை ஜோராகச் செய்யலாம்!

நீங்களும் ஆரம்பிக்கலாம்!

* முதலில் 24 ஒற்றை ஒலிக் குறிகளைக் கையால் எழுதிப் பழகுங்க. 'உங்க பேரை எகிப்திய எழுத்தில் எழுதுங்க' என்று வரும் ஏ, பி, சி சார்ட்டோடு நின்றுவிடாதீங்க. அது சும்மா ஜாலிக்கு.

* தானாகப் படிப்பவர்களுக்கென்றே மார்க் கோலியரும் பில் மேன்லியும் 1998-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். மியூசியக் கல்வெட்டுகளை வைத்தே பாடம் நடத்துவார்கள். ஆலன் கார்டினரின் இலக்கண நூல் 1927-ல் வந்தது. அவர் குறிகளுக்குக் கொடுத்த நம்பர்தான் இன்றும் ஸ்டாண்டர்டு. ஆந்தை 'ஜி 17', ஹோதெப் 'ஆர் 4'.

* கம்ப்யூட்டரில் எழுத 'ஜேசெஷ்' என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. 2009-ல் 1,071 குறிகள் யூனிகோடிலும் ஏறிவிட்டன.

* படையல் வாசகம் சீக்கிரமே பிடிபடும். ஆனால் வினைச்சொற்கள் நம்ம எம்-3 பேப்பர் மாதிரி. முழுக் கதை படிக்கணும்னா வருஷக்கணக்கில் உட்காரணும்.

அடுத்த தடவை ஒரு எகிப்தியக் கல்லின் போட்டோவைப் பார்த்தால், பாய் மேல் ரொட்டி இருக்கான்னு தேடுங்க. இருந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை, சத்தமாகவே சொல்லிடுங்க... ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர்!

செலவு? ஒரே ஒரு மூச்சு!