காயமும் ஒப்பந்தமும்

தொழில்முறை விளையாட்டு வீரனை உழைப்பாளி என்று கொள்ளலாமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. அவன் பெறும் தொகையின் பெருமையே அதற்குக் காரணம். ஆயின், தன் உடலின் இயங்கு திறனைக் குறித்த காலத்துக்கு விற்பவன் என்ற வகையில் அவனும் உழைப்பாளியே. அவ்வுடல் பழுதுறும்போது இவ்வுண்மை வெளிப்படுகின்றது. அமெரிக்க உதைபந்தாட்டத்தை இங்கு எடுத்துக்கொள்வோம். (நாமறிந்த உதைபந்தாட்டத்தோடு அதற்குப் பெயரளவில் மட்டுமே உறவு, பந்தைக் கையாள்வதில் காலினும் கையே அதில் மிகுதியாகப் பயன்படுகின்றது.)

பத்திரிகைகள் பெரிதாக அறிவிக்கும் பல்லாண்டு ஒப்பந்தத் தொகையில் கணிசமான பகுதி, பொதுவாக, உறுதியளிக்கப்பட்டதன்று. ஆட்டத்திற் காயமுற்றவனை அப்பருவத்தில் ஊதியமோ ஈடோ இன்றி வெளியேற்ற இயலாது. ஆனால் மறு பருவத்தில் மருத்துவப் பரிசோதனையில் தேறாதவனை விடுவிக்கலாம். வரையறுத்த ஓர் ஈட்டுத்தொகை அப்போது கிடைக்கக்கூடும். எஞ்சிய ஆண்டுகளின் உறுதியற்ற ஊதியம் போனது போனதே.

எனவே கையொப்பமிடும்போது பெறும் முற்பணமே வீரனுக்குப் பெரும் பற்றுக்கோடு. கழகம் அவனைக் காயங் காரணமாக விலக்கினால் அப்பணம் அவனுடையது. அவனாகவே ஓய்வு பெற்றாலோ, எஞ்சிய ஆண்டுகளுக்குரிய பங்கைக் கழகம் திருப்பிக் கேட்கலாம். காயம் ஒன்றேயாயினும், ‘இனி இயலாது’ என்பதை முதலிற் சொல்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பணம் கைமாறுகின்றது. வலியை மறைத்து ஆடுவது வீரமெனப் போற்றப்படுவதன் பொருளியல் அடித்தளத்தை இங்கேயும் தேடுதல் தகும் என்பது எமது கருத்து.

இன்டியனாபொலிஸ் கோல்ற்ஸ் கழகத்தின் அன்ட்ரூ லக் 2015இல் சிறுநீரகத்திற் காயமுற்றார். தோட்காயத்தால் 2017ஆம் ஆண்டுப் பருவம் முழுவதையும் இழந்தார். பின்னர் கெண்டைக்காலும் கணுக்காலும் பழுதுற, 2019 ஓகஸ்ட் 24ஆந் திகதி, 29ஆவது வயதில் ஓய்வை அறிவித்தார். செய்தி கசிந்த அன்றிரவே மைதானத்தை விட்டகன்ற அவரைச் சொந்த ஊர் இரசிகர்கள் கூவி இகழ்ந்தனர். எனினும், மீளக் கோரியிருக்கக்கூடிய ஏறக்குறைய 24.8 மில்லியன் டொலரைக் கழகம் கோராது விட்டது. 2016இல், உடல் தேய்ந்த நிலையில், 30 வயதில் ஓய்வு பெற்ற கல்வின் ஜோன்சனிடமோ டிற்றோயிற் லயன்ஸ் கழகம் முற்பணத்தின் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது. அக்கசப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. விட்டுக்கொடுத்ததும் பறித்ததும் இரண்டுமே உரிமையாளரின் விருப்பத்தைச் சார்ந்தவை.

கூடைப்பந்தாட்டத்தில் நிலை வேறு. குருதிக்கட்டியால் 2016 பெப்ரவரிக்குப் பின் ஆட முடியாதுபோன கிறிஸ் பொஷ், 2014இற் செய்துகொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் ஊதியத்தை, 2017இல் விடுவிக்கப்பட்ட பின்னரும் பெற்றார். அங்கு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் உறுதியளிக்கப்பட்டவை.

வேறுபாடு ஏன்? உறுதியளித்த எதிர்காலத் தொகையை முற்கூட்டியே வைப்பிலிட வேண்டும் என்ற பழைய விதியைக் கழகங்கள் காரணங் காட்டுவதுண்டு. பேரம் பேசும் வலுவே முதன்மையான காரணம் என்போம். கூடைப்பந்தாட்ட அணியில் இடம்பெறுவோர் சிலர். இங்கோ ஓரணியில் 53 பேர், ஒவ்வோர் இடத்துக்கும் வெளியே பலர் காத்து நிற்கின்றனர். 1987இல் வீரர்கள் வேலைநிறுத்தஞ் செய்தபோது உரிமையாளர்கள் பதிலாட்களை இறக்கி ஆட்டங்களை நடத்தினர். 24 நாட்களில் வீரர்கள், கோரியதைப் பெறாமலே, ஆடுகளத்துக்கு மீண்டனர்.