ஒரே கூரையின் கீழ் ஒரு நாட்டின் கோப்புகள்!

தீ பிடித்தது. அணைத்தார்கள். அணைத்த பிறகு கணக்குப் பார்த்தார்கள். ஓர் அரசாங்கத்தின் ஏடுகள் சாம்பலாகிக் கிடந்தன!

எங்கே நடந்தது இது? எழுத்தறிவற்ற நாட்டிலா? இயந்திரம் அறியா நாட்டிலா? இல்லை, தோழர்களே! மின்னணுத் தொழிலிலே முன்னணி நாடென்று போற்றப்படும் தென்கொரியாவிலே! 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், டேஜோன் நகரத்துத் தேசியத் தகவல் மையத்திலே, லித்தியம் பாட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீ மூண்டது. அரசாங்கத்தின் 600க்கு மேற்பட்ட கணிப்பொறிச் சேவைகள் நின்றுபோயின. பல பின்னர் மீண்டன. மீளாமற் போனது, அரசு ஊழியர்கள் அலுவற் கோப்புகளை வைத்திருந்த 'ஜி டிரைவ்' என்னும் பொதுப் பெட்டகம். அதன் அளவு 858 டெராபைட்!

வெளியிலே நகல் இல்லையா என்று நாடு கேட்டது. பெட்டகம் மிகப் பெரியது, ஆகவே வெளி நகல் இல்லை என்ற விளக்கம் வந்தது. வீடு பெரியது, ஆகவே பூட்டு வேண்டாம் என்பார் உண்டோ?

'கொரியாவின் கோப்பு எரிந்தால் நமக்கென்ன?' என்று கேட்கலாம். தொழிலாளியின் வைப்பு நிதிக் கணக்கு எங்கே இருக்கிறது? நிலத்தின் பட்டா எங்கே இருக்கிறது? நோயாளியின் குறிப்பு எங்கே இருக்கிறது? யாரோ ஒருவரின் அறையிலே, ஏதோ ஒரு சர்வரிலே! அது சாய்ந்தால் சாய்வது நம் வாழ்வு. ஆகவே, அந்த அறையிலே என்ன செய்யவேண்டும் என்பதை நாமும் அறிந்துகொள்வோம்.

ஒரு பெட்டியை நம்பாதே; பல பெட்டிகளை ஒன்றாகக் கட்டு. இதுதான் வழி. இதற்கெனப் பிறந்த மென்பொருள்களில் ஒன்று 'கிளஸ்டர் எப்.எஸ்.' எவரும் விலையின்றி எடுத்தாளலாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கலாம். அதை உருவாக்கியவர்களில் ஒருவர், நம் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலே படித்த ஆனந்த் பாபு பெரியசாமி. அவர்களுடைய நிறுவனத்தை 2011இல் ரெட் ஹேட் நிறுவனம் வாங்கியது.

ஒவ்வொரு சர்வரும் இதற்கென ஒதுக்கும் வட்டுப் பகுதிக்கு என்ன பெயர் தெரியுமா? செங்கல்! கொத்தனாரின் சொல்லையே கணிப்பொறிக்காரர்கள் கடன் வாங்கியிருக்கிறார்கள். கட்டும் முறையும் கடினமன்று.

மூன்று சர்வர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் தனி வட்டொன்றை ஒதுக்குங்கள். ஒன்றன் பெயர் மற்றவற்றுக்குத் தெரியட்டும். மூன்றின் கடிகாரமும் ஒரே நேரம் காட்டட்டும். மென்பொருளை மூன்றிலும் நிறுவியபின், முதல் சர்வரிலிருந்து மற்ற இரண்டுக்கும் அழைப்பு விடுங்கள். உள்ளே இருப்பவர் அழைத்தால்தான் புதியவர் சேர முடியும். தானாக நுழைய முடியாது! பிறகு மூன்று செங்கற்களையும் சேர்த்து, 'மூன்று நகல்' என்று ஆணையிட்டு ஒரே பெட்டகமாக்குங்கள். அதைத் தொடங்கிவைத்து, வேலை செய்பவரின் கணிப்பொறியிலே இணையுங்கள். அவர் கண்ணுக்குத் தெரிவது ஒரே பெட்டி. அவர் எழுதும் கோப்போ, மூன்று இடத்திலும் ஒரே வேளையில் பதிகிறது. ஒரு சர்வர் படுத்தாலும் மற்ற இரண்டும் வேலையை நடத்தும். படுத்தது எழுந்ததும், விட்டுப்போனதை அவற்றிடமிருந்து பெற்று நிரப்பிக்கொள்ளும்.

2003இல் கூகுள் நிறுவனத்தார் வெளியிட்ட கோப்பு முறையிலும் மூன்று நகல் உண்டு. ஆனால் எது எங்கே என்ற பேரேடு ஒரே தலைமைச் சர்வரிடம் இருந்தது. இங்கே அப்படியொரு பேரேட்டுக்காரன் இல்லை! செங்கற்கள் ஆறு, ஒன்பது எனப் பெருகும்போது, கோப்பின் பெயரைக் கொண்டே அதன் இடத்தைக் கணக்கிட்டுக் கண்டுகொள்கிறார்கள்.

சிக்கனம் பேசுவோர், 'இரண்டு போதாதா?' என்பார்கள். போதாது! இரண்டுக்கும் இடையே கம்பி அறுந்தால் என்னாகும்? இதுவும் எழுதும், அதுவும் எழுதும். கம்பி சேர்ந்தபின் ஒரே கோப்புக்கு இரண்டு வடிவம். எது உண்மை என்று தீர்ப்பளிக்க ஆளில்லை. மூன்று இருந்தால் இரண்டு சேர்ந்த பக்கமே பெரும்பான்மை. தனித்த ஒன்றிலே எழுத இடமில்லை. மூன்றாவதற்கு முழு வட்டு வாங்க வசதியில்லையா? கோப்பின் பெயரையும் குறிப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு வாக்களிக்கும் நடுவரை நிறுத்தலாம்.

விலையையும் மறைக்காமற் சொல்வோம். ஆளுக்கு 4 டெராபைட் வீதம் 12 வாங்கினால், பயன்படுவது 4தான். காவலுக்குத் தரும் கூலி அது.

ஆனால் தோழர்களே, இத்துடன் தூங்கிவிடாதீர்கள்! தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் மூன்றிலும் அழியும். மூன்று சர்வரும் ஒரே அறையிலிருந்தால் ஒரே தீ மூன்றையும் தின்னும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலே ஓ.வி.எச். நிறுவனத்தின் மையம் எரிந்தபோது, நகலையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். ஆகவே தொலைவிலே ஒரு நகல் வேண்டும். நாள் குறித்த பழைய நகல்களும் தனியே வேண்டும்.

உங்கள் சங்கத்திலே, கூட்டுறவுப் பண்டகசாலையிலே, அலுவலகத்திலே, பொறுப்பாளர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நகல் எத்தனை? அவை எந்தெந்த ஊரில்? கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? பதில் வராவிட்டால் விடாதீர்கள். அங்கே இருப்பது அவர்கள் ஏடல்ல, நம் ஏடு!