டிசம்பர் 25: லண்டனில் ரயில் ஓடாது!

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் லண்டனில் இருக்கிறார்கள். பேரக் குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை என்பதால் டிசம்பரில் புறப்படும் பெரியவர்கள் அதிகம். கம்பளி, மாத்திரை, பருப்புப்பொடி எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறோம். ஆனால் பயணத் தேதியை யோசிப்பதில்லை.

டிசம்பர் 25 அன்று அங்கே ரயில் கிடையாது. பாதாள ரயில் கிடையாது. சிவப்பு பஸ்ஸும் கிடையாது. ஹீத்ரோ விமான நிலையம் மட்டும் திறந்திருக்கும். விமானம் இறக்கிவிட்டுப் போய்விடும். வீடு போய்ச் சேருவது நம் பாடு!

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஸ்பெஷல் ரயில் விட்டே பழகிய எனக்கு, முதல் தடவை போனபோது இது விசித்திரமாக இருந்தது. ஆனால் இதில் ஒரு ரயில்வே நியாயமும் இருக்கிறது. தண்டவாளமும் பாயின்ட்டும் மாற்ற வேண்டுமானால் லைன் காலியாக இருக்க வேண்டும். நம் நாட்டில் 3 மணி நேர பிளாக் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அங்கே ஆபீஸ் கூட்டம் இல்லாத இந்த நாட்களில் பெரிய வேலைகளை வைத்துக்கொள்கிறார்கள். அதனால் 26 அன்றும் வெளியூர் ரயில்கள் மிகக் குறைவு. வேலை நீண்டுவிட்டால் அடுத்த நாளும் அவதிதான். 2014 டிசம்பர் 27 அன்று அப்படித்தான் கிங்ஸ் கிராஸ் நிலையம் திறக்க முடியாமல், கூட்டம் முழுவதும் சிறிய ஃபின்ஸ்பரி பார்க் நிலையத்தில் நெருக்கியடித்தது.

கடைகளும் அப்படியே. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது என்று 2004இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். பாலும் தயிரும் 24ஆம் தேதி பகலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும்.

ஆகவே அன்பர்களே, 23ஆம் தேதிக்குள் போய்ச் சேரும்படி டிக்கெட் எடுங்கள். 25 அன்றுதான் இறங்க வேண்டுமென்றால், பிள்ளையைக் காருடன் வரச் சொல்லுங்கள், அல்லது டாக்ஸிக்கு முன்னதாகவே ஏற்பாடு செய்யுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கைப்பையிலேயே மருந்தும் சிற்றுண்டியும் வைத்திருப்பது நல்லது.

ஊர் சுற்றிப் பார்க்க காலை 10 மணிக்கே கிளம்பிவிடுங்கள். மாலை 4 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். டிரஃபால்கர் சதுக்கத்து கிறிஸ்துமஸ் மரத்தை மட்டும் விளக்கு ஏற்றிய பிறகு பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த உதவிக்கு நன்றியாக நார்வே மக்கள் 1947 முதல் ஆண்டுதோறும் அனுப்பும் மரம் அது.